பதினேழு கொழுந்து

மே 3, வெள்ளி

மிருதுளாவும் மாப்பிள்ளை நவநீதனும் காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். பதினேழு நாள் இருப்பார்களாம். வேலையெல்லாம் மடிக்கணினியிலேயே பார்த்துக்கொள்வார்களாம். இரண்டு பெட்டி, இரண்டு தோள்பை, கூடவே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் புதினாச் செடி. பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்கு யாராவது புதினாவைத் தூக்கிக்கொண்டு வருவார்களா? இங்கே கணபதி மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கினால் கடைக்காரன் இதைக் கொசுறாகவே போடுவான். மாப்பிள்ளை அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

செடியைப் பார்த்ததும் பூங்கொடிக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த வாசம் தனக்குத் தலைவலி என்று மகளிடம் சொல்லி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். உண்மைதான். பதினோரு வருடமாக இந்த வீட்டில் பிரியாணிக்குக்கூடப் புதினா கிடையாது. அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

பட்டறையில் நான்கு பம்பு ஷாஃப்ட் கடைந்து முடித்தேன். தொடவில்லை.

மே 4, சனி

எதற்குச் செடி என்று இன்று தெரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு, விளக்கேற்றிய கையோடு, மிருதுளா சமையலறையில் எலுமிச்சம்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். சர்பத் என்று நினைத்தேன். மாப்பிள்ளை பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். வெள்ளை ரம். பார்வைக்கு வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. "தப்பா எடுத்துக்காதீங்க மாமா, வீட்லயே காக்டெயில் பண்றோம், ஆளுக்கு ஒண்ணுதான்" என்றார். கல்யாணமாகி இரண்டாவது முறை வருகிற மாப்பிள்ளை. என்னத்தைச் சொல்ல?

அதுவாவது போகட்டும். புதினாவை நசுக்க அவர்களுக்குக் கிடைத்தது பருப்பு மத்து! நாங்கள் தினமும் பருப்புக் கடைகிற மத்து. கண்ணாடித் தம்ளரில் புதினா, சர்க்கரை, எலுமிச்சை போட்டு, மத்தை விட்டு மாப்பிள்ளை ராகி களி கிண்டுகிற மாதிரி கிண்டினார். தம்ளர் முழுக்கச் சட்னி. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தன போட்டு அரைச்சா கசக்குமுங்க மாப்ள. அடி எலை வேண்டாம். கொழுந்தா நாலு கிள்ளி உள்ளங்கையில ஒரு தட்டு தட்டுனாப் போதும். வாசமெல்லாம் நுனியிலதான் இருக்குது."

அப்படியே செய்தார்கள். நன்றாக வந்ததாம். "உங்களுக்கு எப்படிப்பா இதெல்லாம் தெரியும்?" என்றாள் மிருதுளா. டிவியில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். பூங்கொடி அடுப்பைப் பார்த்தபடியே நின்றிருந்தாள்.

வீடா இது, என்ன இது? சாமி படத்துக்கு நேரே உட்கார்ந்து குடிக்கிறார்கள். என் மகள், பெண் பிள்ளை, குடிக்கிறாள். நாமக்கல் ஹாஸ்டலில் போட்டுக் கட்டுக்கோப்பாகப் படிக்க வைத்த பிள்ளை. தொடவில்லை.

மே 5, ஞாயிறு

பட்டறை லீவு. வேப்பங்கட்டையில் அவர்களுக்கென்று ஒரு சின்ன மத்து கடைந்து கொடுத்தேன். அன்பினால் அல்ல. எங்கள் வீட்டுப் பருப்பில் ரம் வாசம் வரக்கூடாது என்பதற்காக. மிருதுளா அதைப் படமெடுத்து, அப்பா செய்தது என்று ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள்.

மத்தியானம் சாப்பாட்டில் வடைக்கு எண்ணெய் அதிகம் என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "இப்படி எண்ணெய ஊத்தி ஊத்தித்தான் அன்னைக்கு அப்பாவோட ஈரலையே கெடுத்த. இன்னும் திருந்தல நீ" என்றாள். பூங்கொடி என் தட்டிலிருந்த வடையை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு ஒரே எரிச்சல். வடை நன்றாகத்தான் இருந்தது.

தொடவில்லை.

மே 6, திங்கள்

பூங்கொடி துணி உலர்த்தும்போது பக்கத்தில் வந்து, மெதுவாக, "நான் சொல்லிப்போடட்டுமா, நீங்களே சொல்றீங்களா?" என்றாள்.

என்னத்தைச் சொல்வது? 2013-இல் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை, நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று மிருதுளாவுக்குச் சொல்லியிருக்கிறோம். அவள் அப்போது பன்னிரண்டாவது. பரீட்சை நேரம். பிள்ளை மனசு கெடக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, ஜன்னலுக்குக் கம்பி எதற்கு என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்து ஆகப்போவது என்ன? இன்றைக்கு அப்பா என்றால் ஒழுக்கம் என்று நினைக்கிறாள். மாப்பிள்ளையிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் மண்ணைப் போடச் சொல்கிறாள் இவள்.

வாயைத் திறந்தால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டேன். அவள் கிளிப்பை ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டிவிட்டுப் போனாள். இத்தனைக்கும் நான் குரலை உயர்த்தவே இல்லை.

நோட்டு எழுதுகிற ஒவ்வொரு நாளும் கடைசியில் இந்த ஒரு வார்த்தையை எழுதச் சொன்னது அந்த ஆஸ்பத்திரி டாக்டர்தான். பதினோரு வருடத்தில் ஒரு தடவை தவறவில்லை. என்னைப் போய் இவள் சந்தேகப்படுகிறாள். தொடவில்லை.

மே 8, புதன்

இவர்கள் ஆளுக்கு ஒன்றோடு நிறுத்துவதில்லை. இன்று ஆளுக்கு இரண்டு. ஐஸ் உடைக்கிற சத்தம் பட்டறை வரை கேட்கிறது. லேத் ஓடும்போதும் கேட்கிறது.

மிருதுளா ஒரு தம்ளரைக் கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். ரம் இல்லையாம். வெறும் புதினா, எலுமிச்சை, சோடா. "உங்களுக்குன்னு தனியாப் பண்ணினேன்பா" என்றாள். வாய் வரை கொண்டுபோனேன். அந்த வாசம். அப்படியே சாக்கடையில் ஊற்றி, தம்ளரைக் கல்லில் வைத்தேன். வைத்த வேகத்தில் உடைந்துவிட்டது.

பிறகு பேசினேன். நன்றாகவே பேசினேன். குடும்பம், பண்பாடு, நாலு பேர் வந்து போகிற வீடு, பெண் பிள்ளை என்று ஒன்றையும் விடவில்லை. மிருதுளா அழுதாள். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறமும் இருவரும் மாடியில் போய் உட்கார்ந்து குடித்தார்கள். பாட்டிலை மட்டும் ஹால் ஷோகேஸில், என் மாமனார் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அது எனக்கு மரியாதையாம்.

நாக்கு வறண்டுகொண்டே இருக்கிறது, மூன்று செம்பு தண்ணீர் குடித்துவிட்டேன். சர்க்கரை பார்க்க வேண்டும். தொடவில்லை.

மே 10, வெள்ளி

வேலைக்கு வருகிற மயிலாத்தா வாசல் பெருக்கும்போது புதினாத் தொட்டியை நகர்த்திவிட்டாளாம். மிருதுளா அதற்கு ஒரு சத்தம் போட்டாள். உப்புக்குப் பெறாத விஷயம். ஒரு செடியை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் எத்தனை ராமாயணம்!

பூங்கொடி தினமும் காலையில் அந்தத் தொட்டிக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்காருகிறாள். தலைவலி என்பவளுக்கு அங்கே என்ன வேலை? கேட்டால் புழு பார்க்கிறாளாம். தொடவில்லை.

மே 11, சனி

நாளை பொள்ளாச்சியில் பூங்கொடியின் சித்தப்பா பேத்திக்கு நிச்சயம். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். என் பேச்சுக்கு மதிப்பில்லாத வீட்டில் நான் எதற்கு மாலை மரியாதைக்குப் போய் நிற்க வேண்டும்? பூங்கொடி தானும் போகவில்லை என்றாள். என்னைக் காவல் காக்கப் போகிறாளா? போகச் சொல்லிக் கத்தினேன். தொடவில்லை.

மே 12, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே மூவரும் கிளம்பிப் போனார்கள். மதியத்துக்கு ரசம் மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், உப்பு இல்லை. மின்சாரம் வேறு போய்விட்டது. என்ன வெயில், என்ன புழுக்கம்! கரண்ட் ஆபீசுக்கு மூன்று தடவை போன் செய்தேன், ஒருத்தன் எடுக்கவில்லை. இந்த நாடு உருப்படாது.

நாலரைக்குத் திரும்பி வந்தார்கள். நான் படுத்திருந்தேன். அசதி.

மே 14, செவ்வாய்

ரம் சப்பென்று இருக்கிறது என்கிறார் மாப்பிள்ளை. பெங்களூரில் எந்தக் கடையில் வாங்கினாரோ. தண்ணீர் கலந்து விற்கிற திருட்டுப் பயல்கள். பில் இருந்தால் புகார் கொடுங்கள் என்று நான்கூடச் சொன்னேன். "சீல் உடைச்சப்ப நல்லாத்தான் மாமா இருந்துச்சு" என்றார். காற்றுப் பட்டால் வீரியம் போய்விடும் என்று விளக்கினேன். படித்த பிள்ளை, நம்பிவிட்டார்.

மிருதுளா இரண்டாவது பாட்டிலை எடுத்து வைத்திருக்கிறாள். ஷோகேஸில்தான்.

ஷாஃப்ட் ஒன்று அளவு தப்பிப்போனது. அரை நூல் அளவு அதிகமாகக் கடைந்துவிட்டேன். உளி சரியில்லை.

மே 15, புதன்

பூங்கொடியோடு பேச்சு இல்லை. நான் எதிரே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்கிறாள். என்னமோ நான் சாக்கடையில் விழுந்து எழுந்து வந்த மாதிரி.

மே 16, வியாழன்

இன்று பெரிய ரகளை.

காலையில் மிருதுளா புதினா பறிக்கப் போனால் செடியில் ஒரு கொழுந்து இல்லை. அடி இலைகள் மட்டும் தொங்குகின்றன. நுனி நுனியாகக் கிள்ளியிருக்கிறது. ஆடு மாடாக இருந்தால் தண்டோடு தின்றிருக்கும், இது மனுஷக் கைதான் என்றாள். மயிலாத்தா அப்போதுதான் விளக்குமாற்றோடு வந்தாள்.

"சட்னிக்கு வேணும்னா கேட்டிருந்தா குடுத்திருப்போமில்ல. எதுக்குக் கேக்காம எடுக்கறீங்க?"

"எனக்கெதுக்குங்க அம்மிணி உங்க பொதினா? ஒம்பது வருசமா இந்த வாசல் கூட்டறேன். தங்கச் சங்கிலி கெடந்தப்பவே எடுத்துக் குடுத்துட்டுப் போனவ நானு."

அவள் மிருதுளாவைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தாள். பேசி முடிக்கும்போது என்னைப் பார்த்தாள். நான் படியில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "அப்பா சொன்ன மாதிரியே நுனியாப் பாத்துக் கிள்ளியிருக்கறாங்க பாருங்க" என்று மிருதுளா என்னையே சாட்சிக்கு இழுத்தாள். நான் என்ன சொல்ல முடியும்? செடியைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

மயிலாத்தா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒரு கைப்பிடி புதினாவுக்கு இத்தனை ரோஷம் ஆகாது. வேலைக்காரர்களுக்கு இப்போதெல்லாம் நாக்கு நீண்டுவிட்டது.

பூங்கொடி அந்த விளக்குமாற்றை எடுத்து மீதி வாசலைப் பெருக்கினாள். என் காலடி வரை வந்து, நகருங்க என்றுகூடச் சொல்லாமல், என்னைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள்.

மே 17, வெள்ளி

ஒன்றுமில்லை.

மே 18, சனி

பூங்கொடி பட்டறைக்கு வந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு உள்ளே வருகிறாள். லேத்தை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன்.

"ஞாயித்துக்கெழம பொள்ளாச்சியில இருந்து வந்து செருப்பக் கழட்டறப்பவே எனக்குத் தெரியும்" என்றாள்.

என்ன தெரியும் என்று சீறினேன். யார் குடித்தது, எதைக் குடித்தது, வாயை ஊதிக் காட்டட்டுமா என்று குதித்தேன்.

"ஊதுங்க. அப்பவும் பொதினாதான் வரும். பதினஞ்சு வருசம் அதத்தான மென்னுட்டு வந்து நின்னீங்க? நீங்க அத மறைக்கறதா நெனச்சீங்க. எனக்கு அதுதானுங்க குடி வாசமே. தெருமுக்குல நீங்க திரும்பறப்பவே பொதினா வாசம் வரும், நான் புள்ளய உள்ள தூங்க வெச்சுப்போடுவேன். பிராந்தி எப்படி நாறும்னே எனக்கு ஒழுங்காத் தெரியாது."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். அந்தப் பூனை நான்தான் என்று இத்தனை வயதுக்கப்புறம் தெரிந்துகொள்கிறேன்.

செடி வந்த அன்றைக்கே கொழுந்தை எண்ணினாளாம். பதினேழு. அவர்கள் கிள்ளுவதைக் கழித்து, புதிதாகத் துளிர்ப்பதைக் கூட்டி, தினமும் காலையில் எண்ணியிருக்கிறாள். புழு பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்திருக்கிறாள். பத்து நாள் கணக்குச் சரியாக இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு குறைந்தது. செவ்வாய் மூன்று, புதன் ஐந்து. மற்றதை வியாழன் விடிவதற்குள் முடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை பெங்களூர் ரயிலில் மூன்றாவது டிக்கெட்டும் போட்டாயிற்றாம். மகள் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள், போய் இருக்கப் போகிறேன் என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"நாளைக்குள்ள நீங்க அவகிட்டச் சொன்னீங்கன்னா இருக்கறேன். நான் சொல்ல மாட்டேன். அன்னைக்கும் நான் சொல்லல, பழிய வாங்கிக்கிட்டேன். இப்ப அந்த மயிலாத்தாவும் வாங்கிக்கிட்டுப் போறா. இன்னும் எத்தன பொம்பள வாங்கோணும் உங்களுக்காக?"

எனக்கு வந்த கோபத்துக்கு உளியை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அவள் அசையவில்லை. இவள்மேல் கோபம், செடியைக் கொண்டுவந்தவள்மேல் கோபம், ஷோகேஸில் வைத்தவன்மேல் கோபம், கரண்ட் ஆபீஸ்காரன்மேல் கோபம். எல்லோரையும் திட்டி முடித்த பிறகு பட்டறையில் நான் ஒருவன்தான் மிச்சமிருந்தேன்.

ஆமாம். ஞாயிறு, காலை பத்தரை மணி. அவர்கள் போய் மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஒரு வாய் என்றுதான் எடுத்தேன். குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தண்ணீர் மாதிரியே இருக்கிற சனியன், பார்த்தால் தெரியாது. பிறகு துவைக்கிற கல்லுக்குப் போனேன். கையே நுனியைத் தேடிக் கிள்ளியது. பதினோரு வருடமாகியும் கை மறக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழனும் அதேதான். இன்றும்தான், இவள் வருவதற்குச் சற்று முன்பு. செடியில் கிள்ள ஒன்றும் இல்லாததால் கடையில் ஒரு கட்டு வாங்கினேன். அது இப்போதுகூட என் சட்டைப்பையில் இருக்கிறது.

எழுதிவிட்டேன். இந்த நோட்டில் பொய் எழுதவில்லை என்று நேற்று வரை பெருமைப்பட்டேன். எழுதாமல் விட்டதற்குப் பேர் என்ன?

மே 19, ஞாயிறு

காலையில் முதலில் மயிலாத்தா வீட்டுக்குப் போனேன். ரேஷன் கடைச் சந்து. உள்ளே கூப்பிடவில்லை. நான் பறித்தேன் என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியுமுங்க. புதங்கெழம காத்தால நீங்க கிள்ளறதப் பாத்தேன். உங்க வாயில இருந்து வரட்டும்னுதான் அன்னைக்கு உங்க மொகத்தப் பாத்தேன். நீங்க பேப்பரப் பாத்தீங்க."

அந்தப் பேப்பரில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. அதை அவளிடம் சொல்லி என்ன பயன்? அம்மிணி வந்து கூப்பிடட்டும், அப்போது யோசிக்கிறேன் என்று கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து மிருதுளாவைத் துவைக்கிற கல்லுக்குக் கூப்பிட்டேன். மாப்பிள்ளையும் வந்தார், வரட்டும். பூங்கொடி சமையலறை ஜன்னலில் நின்றாள்.

"பொதினாவக் கிள்ளுனது நானு கண்ணு."

"நீங்களா? சட்னிக்காப்பா?"

பாவம், அவளே ஒரு வழி எடுத்துக் கொடுத்தாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஜன்னலில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"இல்ல. மெல்றதுக்கு. குடிச்ச வாசம் தெரியாம இருக்க."

அவளுக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஷோகேஸ், தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை. பிறகு 2013. மஞ்சள்காமாலை இல்லை, குடி. நாற்பது நாள் ஆஸ்பத்திரி என்றது குடி நிறுத்துகிற வார்டு. ஜன்னலில் கம்பி. சொல்லச் சொல்ல அவள் முகம் பூங்கொடியின் முகமாக மாறிக்கொண்டே வந்தது. பாட்டிலை இங்கே கொண்டுவந்தது தப்பு என்று மாப்பிள்ளை ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"பதினோரு வருசமா அம்மாவத் திட்டிட்டு இருக்கறேன்பா. உங்க ஈரலக் கெடுத்தது அவதான்னு. வந்த மூணாம் நாளே வடைக்குத் திட்டுனேன். நீங்க பக்கத்துலதான் உக்காந்து தின்னுட்டு இருந்தீங்க."

வடை நன்றாகத்தான் இருந்தது என்று அன்றைக்கு இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அவள் உள்ளே போனாள். பாட்டில் சாக்கடையில் கவிழ்கிற சத்தம் கேட்டது. இரண்டு பாட்டில். அப்புறம் சமையலறைக்குள் அம்மாவிடம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அங்கே போகவில்லை. அது என் இடமில்லை.

சட்டைப்பையிலிருந்த புதினாக் கட்டைக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் மிருதுளா மயிலாத்தா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். நேற்றுக் குடித்த வாசம் என்மேல் இன்னும் போகவில்லை, இன்றைய நாளைக் கணக்கில் எழுதமாட்டேன்.

மே 20, திங்கள்

அவர்கள் இருவரும் காலை ரயிலில் போனார்கள். மூன்றாவது டிக்கெட்டைப் பூங்கொடி ரத்து செய்யச் சொல்லிவிட்டாள். கிளம்பும்போது மிருதுளா அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். என்னிடம் "மாத்திரையெல்லாம் சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை அதே ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க மாப்பிள்ளை நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல பிள்ளை.

மயிலாத்தா நாளை வருவாளாம். இன்று வாசலை நான் பெருக்கினேன். மூலைகளில் தூசி அப்படியே இருக்கிறது, கை பழகவில்லை. உடம்பெல்லாம் எரிகிறது. எதைப் பார்த்தாலும் கத்த வேண்டும் போல இருக்கிறது. கத்தவில்லை.

செடியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். பூங்கொடி கேட்கவில்லை. தொட்டியைத் துவைக்கிற கல்லிலிருந்து எடுத்து வந்து, நான் பட்டறைக்குப் போகிற வழியில், படிக்கு நேரே வைத்தாள். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு தண்டாக விலக்கிப் பார்த்தாள்.

"மூணு" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக.

முதல் நாள். தொடவில்லை.